முந்தாநாள் பேசினாக

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்க அண்ணாச்சி, எனக்கு எந்த ஓரமும் ஒன்றுதான். மடியில் என்ன, பத்திரமா? மூலப்பத்திரமா, நகலா? நகல் என்றால் இன்னொரு நடை அலைய விடுவார்கள், இப்போதே சொல்லிவிட்டேன். மீசை முளைக்காத பயல் நமக்குப் பத்திரம் சொல்லித் தருகிறானே என்று நினைக்காதீங்க. பள்ளிக்கூட வாசலில் தேய்ந்ததைவிட ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில்தான் என் செருப்பு அதிகம் தேய்ந்தது.

கடற்கரைப் பக்கம் இடம் பார்க்கிறீர்களா? சரிதான். வில்லங்கம் போட்டுப் பார்த்திருப்பீர்கள், பட்டா பார்த்திருப்பீர்கள். எல்லாரும் பார்ப்பதுதான். பட்டாவில் யார் பேர் இருக்கிறதோ அந்த ஆள் இருக்கிறாரா என்று பார்த்தீர்களா? இருந்தால் நல்லது, வந்து கையெழுத்துப் போடுவார். செத்துப்போயிருந்தால் அதுவும் நல்லது, வாரிசு வந்து போடும். ரெண்டும் இல்லாமல் ஒரு ஆள் இருந்தால் மட்டும் அந்த இடத்துப் பக்கமே போகாதீங்க. எங்க அப்பா அப்படிப்பட்ட ஆள்.

"அதாகப்பட்டது தம்பி, சட்டம் என்ன சொல்லுதுன்னா…"

பயந்துவிட்டீர்களா? வேறு யாரும் இல்லை, நான்தான். எங்க வக்கீல் ஞானதிரவியம் இப்படித்தான் பேசுவார். மூக்கைத் தேய்த்துவிட்டுத்தான் சட்டத்தையே தொடுவார். எனக்கு இது ஒரு வியாதி. யார் ரெண்டு வார்த்தை பேசினாலும் அவர் குரல் வந்து என் தொண்டையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். எட்டாவது படிக்கும்போது தலைமை ஆசிரியர் குரலில் மைக்கில் பேசி மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்க ஊர் பங்குச்சாமி குரலில் போன் போட்டு உபதேசியார் மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை கோயில் கக்கூஸ் கழுவ வைத்திருக்கிறேன். அடியும் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அதோ முன்னால், டிரைவருக்குப் பின்சீட்டில், பச்சைச் சேலை. அதுதான் எங்க அம்மா, அமலோற்பவம். திரும்பிப் பார்க்கமாட்டாள், நீங்க தாராளமாகப் பார்க்கலாம். எனக்கு அவள் மேல் ஒரு குறை இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. நீங்க எங்க ஊர்க்காரர் இல்லை, அடுத்தாற்போல் இறங்கிப் போய்விடுவீர்கள், அதனால் சொல்கிறேன்.

எங்க ஊர் சிலுவைமுனை. எங்க இடம் கடலைப் பார்த்த இடம். வீடு, வீட்டுக்குப் பின்னால் மணல், நாலு பனை, அப்புறம் கடல். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கடல்வரைக்கும் நடந்தால் கால் வலிக்கும். இப்போது பனை ரெண்டுதான். போன ஐப்பசியில் அடுப்படிச் சுவர் விழுந்தது. கடல் உள்ளே வந்து அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா மறுநாள் அடுப்பைத் தூக்கி நடுவீட்டில் வைத்தாள். அவ்வளவுதான்.

இந்த இடத்தை வாங்க ஒரே ஒருத்தர்தான் வந்தார். இறால் குஞ்சுப் பண்ணை. அவர்களுக்குக் கடல்தண்ணீர் வேணும், குழாய் போட வழி வேணும். வேறு யார் வாங்குவார்கள் அண்ணாச்சி, கடல் தின்கிற இடத்தை? அதை விற்றால் ரோட்டுக்கு மேற்கே மேட்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம், அங்கே போய்விடலாம். விற்காவிட்டால் இடமும் போகும், வீடும் போகும், நாங்களும் எங்கேயாவது போகவேண்டியதுதான். பண்ணை மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கம். வாரம் தவறாமல் வருவார். "ஏனுங் தம்பி, கடலு இன்னும் எத்தன தூரமுங்?" என்பார். நானும் அளந்து காட்டுவேன்.

பட்டா அப்பா பேரில். அப்பா பேர் சந்தியாகு. அப்பா கொல்லம் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போவார், மாசக்கணக்கில் வரமாட்டார். கடைசியாகப் போனபோது எனக்குப் பத்து வயசு. போட் கரைக்கு வந்தது, எல்லாரும் இறங்கிப் புரோட்டா தின்றார்கள், அப்பாவும் தின்றார். போனுக்குப் பைசா போட்டுவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் போனார். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. கடலில் போயிருந்தால் கடல் என்று சொல்லலாம். இது ரோட்டில். அங்கே ஒரு பெண்பிள்ளையோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஒருத்தன் சொன்னான். லாரியில் அடிபட்டார் என்று இன்னொருத்தன். அம்மா ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

போவதற்கு முன்னால் அப்பா அம்மா பேருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் உயிர்ச் சான்று வாங்கி வாருங்கள் என்றார். டாக்டருக்கு ஆளைக் காட்ட வேண்டாமா? சரி, ஆள் இல்லை என்றோம். அப்படியென்றால் இறப்புச் சான்று கொண்டுவாருங்கள், வாரிசு முறையில் போகலாம் என்றார். அதற்கும் ஆளைக் காட்டவேண்டும். கிராம அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "உங்கப்பா ஏதாவது ஒரு பக்கம் ஒதுங்கினாத்தானப்பா நான் எழுத முடியும்?" ஊரே ரசித்த வசனம் அது. அவர் குரலில் நான் பலதடவை செய்து காட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் ஞானதிரவியம் சார். மூக்கைத் தேய்த்தார். அதாகப்பட்டது, காணாமல் போனவரிடமிருந்து ஏழு வருஷம் ஒரு தகவலும் வரவில்லை என்றால், கோர்ட் அவரை இறந்தவர் என்று அறிவிக்கும். போலீசில் கொடுத்த புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர்கள் கொடுக்கிற சான்று, பேப்பரில் ஒரு விளம்பரம், மனைவியின் சாட்சியம். அவ்வளவுதான். மனைவி கூண்டில் ஏறி ஏழு வருஷமாக ஒன்றும் தெரியாது என்று சொன்னால் கதை முடிந்தது. ஏழு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. காத்திருந்தோம். கடலும் சும்மா இருக்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் என் தொண்டை உடைந்தது. எல்லாப் பையன்களுக்கும் உடைவதுதான். கொஞ்ச நாள் தவளை மாதிரி கத்திக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு சாயந்திரம் டியூஷன் முடிந்து வருகிறேன், வீட்டில் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். மணல் அடிக்கும், அதனால் சாத்தித்தான் வைப்போம். சும்மா ஒரு விளையாட்டுக்கு, அப்பா எப்படிக் கூப்பிடுவாரோ அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"ஏட்டி அமலி. கதவத் தொறட்டி."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. முயற்சியே செய்யவில்லை அண்ணாச்சி. மற்றக் குரலுக்கெல்லாம் நான் தேடிப் போகவேண்டும், இது தானாக அங்கேயே இருந்தது. உள்ளே பாத்திரம் விழுந்தது. அம்மா கதவைத் திறந்தாள், கையில் கரண்டி, கரண்டியில் குழம்பு. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். "வந்துட்டியால?" என்றாள். அவ்வளவுதான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மறுநாளும் செய்தேன். அதுக்கு மறுநாளும். எங்க அம்மாவை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம். ஒரே விளையாட்டுக்கு ஒரு மனுஷி எத்தனை தடவை ஏமாறுவாள்? தினமும் ஏமாந்தாள். போகப்போகக் கதவு திறக்க நேரமாகும். திறந்தால் முகம் கழுவி, தலை வாரி நிற்பாள். அவளுக்கென்ன, வேலை முடித்துவிட்டுச் சாவகாசமாக வருகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஏமாந்த ஆளுக்குக் கோபம் வரணுமா இல்லையா? வராது. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், குரல் கொடுக்கத் தெம்பில்லாமல் கதவை மட்டும் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்து, "இன்னிக்கு என்ன, சத்தத்தக் காணும்?" என்றாள். காய்ச்சலைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்கு ஆச்சரியம்.

சரி, கேஸுக்கு வருகிறேன். கேஸ் போட்டு, விளம்பரம் வந்து, சாட்சி சொல்கிற நாள் குறித்தார்கள். ஞானதிரவியம் சார் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார். நடுவீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் கோர்ட் நடத்தினேன். ஜட்ஜம்மா நான், மெல்லப் பேசுவார். அரசு வக்கீல் நான், அவருக்கு எப்போதும் ஜலதோஷம். டவாலியும் நான், பேரைக் கூப்பிட்டால் அடுத்த தெரு நாய் எழுந்திருக்கும். அம்மா மட்டும் அம்மா. உங்க வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்ததா? வரலீங்க. கடிதம்? இல்லீங்க. யாராவது பார்த்தார்களா? இல்லீங்க. கடைசியாக எப்போது பேசினார்? ஏழு வருஷமாச்சுங்க. ஒரு பிசிறு இல்லை. அரசு வக்கீலாக நான் மூக்கை உறிஞ்சினால் சிரித்துக்கூடக் காட்டுவாள். முதல் மார்க் வாங்குகிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

கோர்ட்டில் முதல் மூன்று கேள்வியும் அப்படியே போயின. போன் வரலீங்க, கடிதம் இல்லீங்க, யாரும் பார்க்கலீங்க. ஞானதிரவியம் சார் உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் எழுந்து, கேட்கணுமே என்பதற்காக, பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியா உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட எப்பம்மா பேசினார்?"

"முந்தாநாள் பேசினாக" என்றாள் அம்மா.

டைப் அடிக்கிற அக்கா நிறுத்திவிட்டார். ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் கேட்டார், சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அம்மா யோசித்தாள். அவள் யோசித்ததை நான் பார்த்தேன். "சாயங்காலம் வாசல்ல நின்னு கூப்புட்டாக. முந்தாநாளு. நேத்து இல்ல, நேத்து இவனுக்குப் பள்ளிக்கூடத்துல என்னமோ விழா" என்றாள்.

வெளியே வந்து ஞானதிரவியம் சார் வேப்பமரத்தடியில் நின்றார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மூக்கைத் தேய்க்கக்கூட இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. முந்தாநாள் பேசினார் என்று கோர்ட் எழுதிக்கொண்டால், ஏழு வருஷம் முந்தாநாளிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கும் தம்பி என்றார். பண்ணைக்காரர் எங்களுக்காக இன்னொரு ஏழு வருஷம் காத்திருப்பாரா, உங்க வீடு காத்திருக்குமா என்று கேட்டார். இனிமேல் அந்தக் குரலில் தும்மக்கூடக் கூடாது என்றார். அம்மா கோர்ட் வாசலில் நெல்லிக்காய் வாங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது அப்போதுதான். வீட்டில் அத்தனை தடவை சரியாகச் சொன்னவள். கதவைத் திறந்தால் நிற்பது நான் என்று கண்ணால் பார்த்தவள். ஏமாறுவதற்கும் ஒரு எல்லை வேண்டாமா? பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "நான்தான்னு ஒனக்குத் தெரியும்லா?" என்று. நெல்லிக்காயை என் கையில் கொடுத்துவிட்டு, "தின்னு, பித்தத்துக்கு நல்லது" என்றாள்.

சார் மனுப் போட்டார். அம்மாவை மறுபடி விசாரிக்கணும், மகனையும் சாட்சியாகச் சேர்க்கணும். ஒத்துக்கொண்டார்கள். நான் கூண்டில் ஏறினேன். கூண்டு நான் நினைத்ததைவிடச் சின்னது. ஜட்ஜம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் உங்க அப்பா மாதிரி பேசுவீங்களா? பேசிக் காட்டுங்க" என்றார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சபை கிடைத்ததில்லை அண்ணாச்சி. வக்கீல்கள் எல்லாம் திரும்பி உட்கார்ந்தார்கள், டவாலிகூட உள்ளே வந்து நின்றார். முதலில் சும்மா ஒரு தெம்புக்கு அரசு வக்கீல் மாதிரி மூக்கை உறிஞ்சினேன். சிரித்தார்கள். ஜட்ஜம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் செய்தேன்.

"ஏட்டி அமலி. கதவத் தொறட்டி. எவ்வளவு நேரமா நிக்கேன்."

நல்லா வந்தது. இதுவரைக்கும் வந்ததிலேயே அதுதான் நல்லா வந்தது. ஒருத்தர் கைகூடத் தட்டினார், டவாலி அவரை அதட்டினார். அம்மா எனக்கு எதிரே பெஞ்சில் இருந்தாள். எழுந்து நின்றிருந்தாள், எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. ஜட்ஜம்மா அவளைக் கூண்டுக்கு வரச்சொல்லி, மெல்லத்தான் கேட்டார், அன்றைக்கு வாசலில் கேட்டது இந்தக் குரல்தானா என்று.

"ஆமா" என்றாள்.

"அப்போ உங்க கணவர் பேசலை. உங்க மகன்தான் பேசியிருக்கார். சரியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர்கள் வேறு பிள்ளையைப் பார்ப்பார்களே, அப்படி. நான் தலையை ஆட்டினேன், சொல்லு சொல்லு என்று.

"பேசல" என்றாள்.

டைப் அடிக்கிற அக்கா அடித்தார். கொஞ்ச நாளில் ஆர்டர் வந்தது, ஆர்டரை வைத்து இறப்புச் சான்று வந்தது, வாரிசுச் சான்று வந்தது. வாரிசு அம்மாவும் நானும். எனக்குப் பதினெட்டு முடிந்தால்தான் நானே கையெழுத்துப் போடலாம், இல்லாவிட்டால் அதற்கு வேறு கோர்ட்டில் அனுமதி வாங்கணும். பதினெட்டையும் முடித்தேன். பண்ணை மேனேஜர் என்னைத் தட்டிக்கொடுத்தார். "உம்பட தொண்டைக்குத்தானுங் தம்பி காசு குடுக்கோணும்" என்றார். ஊரில் என் பேர் எங்கேயோ போய்விட்டது.

அந்த வாசல் விளையாட்டை மட்டும் விட்டுவிட்டேன். சார் சொன்னது ஆர்டர் வரும்வரைதான். அதற்கப்புறம் எனக்கே அலுத்துவிட்டது. அம்மா இப்போதெல்லாம் சாயந்திரம் கதவைச் சாத்துவதே இல்லை. வீடெல்லாம் மணல், சோற்றில் மணல். சாத்தினால் என்ன என்று கத்தியிருக்கிறேன். காற்று வரட்டும் என்பாள்.

இன்றைக்குத்தான் ரிஜிஸ்டர். காலையில் இதே பஸ்ஸில் வந்தோம். டோக்கன் போட்டு, கூப்பிட்டு, உள்ளே போனோம். பத்திரம் எழுதியவர் முதலில் ஒருதரம் வாசித்தார். "காலஞ்சென்ற சந்தியாகு அவர்களின் மனைவி அமலோற்பவம்" என்று நீட்டி, கோயிலில் பைபிள் நிருபம் வாசிக்கிற மாதிரி. ரிஜிஸ்டரார் அம்மாவைக் கேட்டார், "எழுதிக் கொடுக்கச் சம்மதம்தானேம்மா?"

அம்மா பேசவில்லை.

காது கேட்கவில்லை என்று நினைத்து உரக்கக் கேட்டார். பேசவில்லை. சம்மதம் என்று வாயால் சொல்லணும் அண்ணாச்சி, சொல்லாமல் பதியமாட்டார்கள். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். ஞானதிரவியம் சார் குனிந்து ஏதேதோ சொன்னார், மேட்டு வீட்டைச் சொன்னார், மழைக்காலம் வருகிறது என்றார். அம்மா மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருப்பமில்லை என்றால் டோக்கனைத் தள்ளி வைத்துவிடுவேன் என்று ரிஜிஸ்டரார் சொல்லிவிட்டார்.

சார் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். காதில் சொன்னார். "டேய், உங்கப்பா மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. போடுட்டின்னு சொல்லு. போட்டுருவா."

அவரே அந்தக் குரலில் தும்மக்கூடாது என்றவர். எனக்கு ஒன்றும் இல்லை, ஒரு வார்த்தைதானே. அம்மா பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், முடியை ஒதுக்கிக்கொண்டாள். காத்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. செருமிவிட்டு மறுபடி திறந்தேன். தொண்டை கட்டிக்கொண்டது அண்ணாச்சி. காலையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தது, எதிர்காற்று. அதனால்தான் இப்போது உங்களை ஜன்னலுக்குத் தள்ளினேன். சார் பின்னாலிருந்து என் முதுகைக் குத்துகிறார். ஒன்றும் வரவில்லை.

"தொண்டை கட்டிருக்கால?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"வீட்டுக்குப் போயி உப்புத்தண்ணியில கொப்புளி."

ரிஜிஸ்டராரைப் பார்த்து, சம்மதம் என்றாள். பேனாவை எடுத்து எங்கெங்கே காட்டினார்களோ அங்கெல்லாம் போட்டாள். விரல் வைக்கிற மெஷின் வேலை செய்யவில்லை, மையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். துடைக்க ஒரு கந்தல் துணி கொடுத்தார்கள். தன் விரலை அரைகுறையாகத் துடைத்துவிட்டு, என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். மேனேஜர், ரிஜிஸ்டரார் எல்லாரும் பார்க்கிறார்கள், எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஏன் என்று நீங்களே கேளுங்க. நான் அப்போது இன்னும் விரலே வைக்கவில்லை அண்ணாச்சி. என் கையில் மையே இல்லை.